மைக்கில் விழுந்த என் குரல்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பல நாள் வராதவன் ஆகியிருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கேட்டில் நின்று, உள்ளே வருகிற பெட்டிகளின் நம்பரை எழுத வேண்டும். நாலு எழுத்து, ஏழு எண். ஒன்று மாறினால் பெட்டியே தொலைந்த மாதிரி. அந்த வேலைக்கு வாய் தேவையில்லை. கையெழுத்து சுத்தமாக இருந்தால் போதும்.

அந்தக் கையெழுத்துதான் என்னைக் கானாவுக்குள் கொண்டுபோனது. என்னோடு படித்த ஒருவர் தண்டையார்பேட்டையில் பெரிய கானாப் பாட்டுக்காரர். கல்யாணம், பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் பாடுவார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது சாவு வீட்டுப் பாட்டுதான். இருபது வருடமாக ஞாயிறும் லீவு நாளும் அவரோடு போய்க்கொண்டிருக்கிறேன். நான் பாடுவதில்லை, டோலக்கும் அடிப்பதில்லை. பெயர் எழுதுவேன்.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குப் பாடும்போது அவரைப் பற்றி மட்டும் பாடினால் போதாது. மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், சம்பந்தி, அப்புறம் தோஸ்துகள், வேலை செய்த இடத்து ஆட்கள் என்று ஒவ்வொருவர் பெயரும் பாட்டில் வர வேண்டும். இறந்தவர் காதில் கடைசியாக அந்தப் பெயர்கள் விழுகின்றன என்று நினைப்பு. ஒரு பெயர் விட்டுப்போனதால் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் பாட்டு தொடங்குவதற்கு முன் நான் கூட்டத்துக்குள் போவேன். பெயர் என்ன, என்ன முறை என்று கேட்டு ஆளுக்கு ஒரு சீட்டாக எழுதி, வரிசைப்படி ஒரு அட்டை மேல் அடுக்கிக்கொண்டு பாட்டுக்காரருக்குப் பின்னால் உட்காருவேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நான் ஒவ்வொரு சீட்டாக வைப்பேன். எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சீட்டுகளைக் கிழிக்க மாட்டோம், குப்பையில் போட மாட்டோம். காசிமேட்டுக் கடலில் விடுவோம். இது எங்கள் குழு தானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

நான் சொல்ல வந்தது ஷூக்கடை அண்ணனின் சாவைப் பற்றி.

பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு எதிரே பிளாட்பாரத்தில் அவர் கடை. வெளிநாட்டில் போட்டுக் கழித்த ஸ்னீக்கர்கள் மூட்டை மூட்டையாக வரும். அதைப் பிரித்து, ஜோடி சேர்த்து, சுத்தம் செய்து விற்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் டான்ஸ் ஆடுகிற பசங்கள், ராப் பாடுகிற பசங்கள், புட்பால் பசங்கள், சும்மா சுற்றுகிற பசங்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். யாராவது ஒரு ஷூவைப் போட்டுப் பார்த்தால் உடனே வாங்கவிட மாட்டார்.

"நட மாமு. பத்தடி நட. கண்ணாடில இன்னா பாக்கற, கால் இன்னா சொல்துனு பாரு."

நடப்பவனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குதிகால் சரியில்லை என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஜோடியைத் தர மாட்டார். "இது உனுக்கு வாணாம். அடுத்த வாரம் வா."

கடையில் அவரோடு ஒரு அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். பிய்ந்த அடிப்பாகத்தை ஒட்டுவது, தைப்பது, கழுவுவது எல்லாம் அந்த அம்மாதான். வெள்ளை ஷூவைப் பல் தேய்க்கிற பேஸ்ட்டும் பழைய பிரஷும் போட்டுத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் மேலே டிஷ்யூ பேப்பரை ஒட்டிச் சுற்றிவிடுவார். அப்படிச் செய்தால் மஞ்சள் கறை பேப்பரில் ஏறிக்கொள்ளும், ஷூ வெள்ளையாக நிற்கும். அண்ணன் பேசுவார், அந்த அம்மா தேய்ப்பார். பதினோரு வருடம் அப்படித்தான் போனது. அவர்களுக்குள் என்ன என்று ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் உண்டு என்பது மட்டும் தெரியும்.

ஒருநாள் காலை கடையைத் திறக்கும்போதே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது அந்த அம்மாதான். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வரும்போது சொந்தக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். அந்த அம்மா பின்னால் போய்விட்டார்.

மறுநாள் தண்டையார்பேட்டையில் அவர் வீட்டு முன்னால் பாட்டு. வெளிநாட்டில் இருந்த தம்பி வந்து சேர மதியம் ஆகும் என்றார்கள். காலை பத்து மணிக்கே பந்தலில் கூட்டம் நிறைந்துவிட்டது. பசங்கள் எல்லாரும் அண்ணனிடம் வாங்கிய ஷூக்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சாவு வீட்டில் செருப்பைக் கழற்றி விடுவதுதான் வழக்கம். அன்று ஒரு பெரியவர் அதட்டப் போனார். அண்ணனின் மனைவி தடுத்தார்.

"வுடுங்க. அவரு பாக்கட்டும்."

நான் சீட்டு எழுதிக்கொண்டு தெருமுனைவரை போனேன். தண்ணீர் டேங்க் பக்கத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மாலை இல்லை. விரல் நகங்களில் ஷூ பசை காய்ந்து கிடந்தது.

"ணா, நீதான பேரு எழுதிகினு போறவரு?"

"ஆமாம்மா."

"என் பேரயும் ஒரு தபா சொல்லச் சொல்றியா?"

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "இன்னா மொறைனு போடறது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அந்த அம்மா கோபப்படவில்லை.

"மொற இன்னாத்துக்குணா? கடைல கூட இருந்தவனு போடு. அதுகூட வாணாம். பேரு மட்டும் போதும். அவரு காதுல வுழுந்தா சரி."

சீட்டில் எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கரீட்டாகீது" என்றார். பந்தலுக்குள் வரச் சொன்னேன். "நான் இங்கியே நிக்கறேன்" என்றார்.

டேங்கிலிருந்து பந்தலுக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியில்தான் நான் அதைச் செய்தேன். இந்தச் சீட்டை எந்த வரிசையில் வைப்பது என்று யோசித்தேன். குடும்பத்தோடு வைத்தால் சண்டை வருமா? தோஸ்துகளோடு வைத்தால் பசங்கள் கைதட்டி விசில் அடித்துக் கேவலப்படுத்துவார்களா? பெயரைக் கேட்டதும் எல்லாரும் திரும்பி, யார் எழுதியது என்று என்னைப் பார்ப்பார்களா? மனைவியின் அண்ணன் ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. பின்னால் போன லாரியைப் பார்த்தாரோ என்னவோ. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அப்புறம் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வைக்கும்போதே கொடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பாட்டு அப்படி அமைந்தது. எங்கள் ஆள் நல்ல பாட்டுக்காரர்தான், ஆனால் அன்றைக்குப் பாடியது வேறு. அண்ணன் சொல்வதையே எடுத்துக்கொண்டார்.

*பத்தடி நட, பாத்து நடன்னு சொன்ன நைனா - இன்னிக்கி*
*மத்தவன் காலுல நீ போற, நட நைனா...*

பசங்கள் அழுதார்கள். நான் ஒவ்வொரு சீட்டாக வைத்தேன். மனைவி, மகன், மகள், தம்பி, மச்சான், மாமன், அப்புறம் பசங்கள் முப்பது பேருக்கு மேல். டீக்கடைக்காரர் பெயர்கூட வந்தது. சீட்டுகள் தீர்ந்தன. பாட்டுக்காரரின் கை பின்னால் நீண்டபடியே இருந்தது. நான் எதையும் வைக்கவில்லை. டோலக் நின்ற அந்த ஒரு நொடியில், கையில் மைக்கோடு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றேன்.

பாட்டு முடிந்தது. தம்பி வந்தார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் நகரும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார்.

"சொன்னாராணா? நான் தூரமா இருந்தேனா, லாரிங்க வேற. ஒண்ணும் காதுல வுழல."

"சொன்னாரும்மா" என்றேன்.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். என் வாழ்க்கையில் என்னை ஒருவர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

மற்ற சீட்டுகளை அன்று மாலையே கடலில் விட்டோம். அந்த ஒன்றை விட எனக்கு மனம் வரவில்லை. பாடிய பெயர்களைத்தான் கடலில் விட வேண்டும். போன் கவரைக் கழற்றி உள்ளே வைத்து மூடிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பசங்களில் ஒருவன் முழுப் பாட்டையும் போனில் எடுத்து நெட்டில் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் அதிலிருந்து ஒரு ராப் செய்தாள். அந்தப் பெண் போட்டிருக்கிற ஷூவும் அண்ணன் கொடுத்ததுதான். "பொண்ணு புள்ளைக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய ஷூ" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டபோது, "அது பாடும்போது நிக்கணும்ல, பேலன்சு வேணாம்?" என்று அண்ணன் சொன்னாராம். அதை அவள் பாட்டிலேயே வைத்திருந்தாள். அண்ணனின் பிளாட்பாரம், மூட்டை பிரிக்கிற வாசனை, மணலிப் புகை, லாரி என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவாள். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் பீட் நின்றுவிடும். அப்புறம் இரண்டு குரல் மட்டும் வரும்.

*அவ்ளோதானா?*

*அவ்ளோதான்.*

இரண்டாவது குரல் என்னுடையது. பாட்டுக்காரர் கையில் இருந்த மைக் அதைப் பிடித்திருக்கிறது. இருபது வருடம் எத்தனையோ மைக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சத்தம் போடாதவன் நான். போட்ட ஒரே சத்தம் இது.

அந்தப் பெண் ஓடிவந்து சொன்னாள். "அண்ணா, உன் வாய்ஸு தான் பாட்டே! ஒரு மாரி செத்த மாரி சொல்ற பாரு, அப்டியே புல்லரிக்குது. எப்டிணா அப்டி சொன்ன?"

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஒரே மாதத்தில் அந்தச் சொல் ஏரியா முழுக்கப் பரவியது. கேரம் கிளப்பில் கடைசிக் காயைத் தள்ளிவிட்டு ஒருவன் கேட்பான், மற்றவர்கள் கூட்டமாகப் பதில் சொல்வார்கள். ஷேர் ஆட்டோவில் ஆள் நிரம்பியதும் டிரைவர் கேட்பார். யார்டில் லாரி டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "நைனா, ஒரு தபா சொல்லு நைனா, வூட்ல பசங்களுக்குக் காட்டணும்" என்று போனை நீட்டுவார்கள். ஒருவன் அந்த இரண்டு சொல்லையும் டீ-ஷர்ட்டில் அடித்துப் போட்டுக்கொண்டான். எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அது பீரோவில் மடித்தபடியே கிடக்கிறது. நான் சொல்ல மறுப்பது கேட்கிறவர்களுக்கெல்லாம் கூச்சம் என்று தோன்றியது. நான் பிறவிக் கூச்சக்காரன் என்பது எவ்வளவு வசதியாகப் போயிற்று!

அந்த அம்மா கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்டுக்குச் சட்டைத் துணி வாங்கப் போனவனைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ணா, இங்க வா. உன்ன எத்தினி நாளா தேடினுகீறேன்."

ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தன் போனை எடுத்து நீட்டினார். முழுப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குக் கிட்ட.

"ஒரு பையன்தான் ஏத்திக் குட்த்தான். மூணு தபா கேட்டுட்டேன். என் பேரு எங்க வர்துனு தெர்லணா. நீ எழுதனவன், உனுக்குத் தெரியுமில்ல. அந்த எடத்த மட்டும் காட்டு. அத்த மட்டும் கேட்டுக்கறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் போனை வாங்கிக்கொண்டு, தேடுகிற மாதிரி விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். "இரு, மொதல்லேருந்தே போட்டுப் பாப்போம்" என்றார். பாட்டு ஓடியது. அந்த அம்மா ஒரு வெள்ளை ஷூவுக்கு டிஷ்யூ சுற்றிக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு பெயர் வரும்போதும் கை நிற்கும். தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி சுற்றும். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஓர் இடத்தில் டேங்கர் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. பாட்டில் ஒரு வரி அதில் அடிபட்டுப் போகிறது. கடைசியில் டோலக் நின்றது.

*அவ்ளோதானா? அவ்ளோதான்.*

"இது உன் கொரலு தான?" என்றார்.

"ஆமா."

ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நடுவுல ஒரு ஆரன் அடிச்சான் பாரு. அதுல போய்ட்டுதோ?"

"ஆமாம்மா. அங்கதான்" என்றேன்.

அது இரண்டாவது பொய். முதல் பொய்யாவது அவசரத்தில் சொன்னது. இரண்டாவதை அந்த அம்மாவே செய்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, படத்திறப்பு வைக்கிறோம், பாட்டு வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். பாட்டுக்காரர் என்னைப் பெயர்கள் எழுதச் சொன்னார். அன்று போன் கவரைக் கழற்றினேன். சீட்டு வியர்வையில் பழுப்பாகியிருந்தது. எழுத்து கலையவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. ஷூக்கள் அடுக்கியிருந்த பலகை மேல் சீட்டை வைத்தேன்.

அந்த அம்மா எடுத்துப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார்.

"அன்னிக்கு நான் குடுக்கலம்மா" என்றேன்.

ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாருனா வாணாம்னு சொன்னாங்களா, நீயாவே வுட்டியா?"

மச்சான்காரர் முறைத்தார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நானேதான். யாரும் சொல்லல."

"அண்ணன் வூட்டு அம்மா?"

"அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் அந்தம்மாதான் வாணாம்னு சொல்லிகீணும்னு நெனச்சிட்டேன்ணா. அதான் ஆரன்ல போச்சுனு வச்சிக்கினேன், அத்த நெனக்க வாணாம்னு. நாலு மாசத்துக்கு முன்ன அவங்க இங்க வந்தாங்க. தெரியுமா உனுக்கு? எதிர்ல நின்னு கடையவே பாத்துகினு இருந்தாங்க. நான் குனிஞ்ச தல நிமிரல. போய்ட்டாங்க."

எனக்கு அது தெரியாது. ஒரு பெயரை மறைத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கு நடுவே நின்று மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"படத்திறப்புல மொதல்ல உங்க பேரத்தான் சொல்லச் சொல்றேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

"வாணாம்." சீட்டை மடித்து, பணம் வைக்கிற டப்பாவில் போட்டு மூடினார். "அவரு மொகத்துக்கு முன்னாடி கேட்டேன். படத்துக்கு முன்னாடி கேக்கல. இனிமே என் பேர நீ எங்கயும் எழுதாத."

அதனால்தான் இங்கும் எழுதவில்லை. அந்த ஒரு பெயர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதக் கை வரவில்லை. யார் பெயரையும் எழுதவில்லை.

படத்திறப்பு ஒரு ஞாயிறு சாயங்காலம், வெயில் இறங்குவதற்கு முன்பே தொடங்கியது. அதே பந்தல், அதே பசங்கள், ஷூ மட்டும் புதிது. செல்போன் கடைப் பெண்ணும் தன் பாட்டைப் பாட வந்திருந்தாள். அந்த அம்மா தெருமுனையில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்தார். அண்ணனின் மனைவி எழுந்து பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காரு. டீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்கா."

"இன்னொண்ணு சாப்டு."

அவர்கள் அதற்கு மேல் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து சீட்டுகளை வைத்தேன். எல்லாம் தீர்ந்ததும் பாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வேண்டுமென்றே மைக்கை என் பக்கம் திருப்பினார். பந்தல் மொத்தமும் இதற்காகத்தான் காத்திருந்தது.

"அவ்ளோதானா?"

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதிலாக நூறு பேர் கத்தினார்கள். பசங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் கத்தாமல் அந்த அம்மா மட்டும் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, மடியில் இருந்த வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.